கம்பெனிக் கல்லா நம் கல்லா அல்ல

வணிகப் பெருமக்கள் பலர் தங்கள் கடையையும் மண்டியையும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றி வருகின்றனர். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். “பார்ட்னர்ஷிப்புக்கு வரி முப்பது சதவீதம், கம்பெனிக்கு இருபத்திரண்டுதானே!” 2019ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த சலுகை விகிதத்தைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்தால் கம்பெனிக்கு 25.168 சதவீதம். பார்ட்னர்ஷிப்புக்கு, லாபம் ஒரு கோடியைத் தாண்டாதவரை, 31.2 சதவீதம். இதுவரை சரி. ஆனால் அந்த லாபம் வீடு வந்து சேரும் வழியில் என்ன ஆகிறது என்பதை யாரும் கணக்குப் போடுவதில்லை.

போட்டுப் பார்ப்போம். கம்பெனி லாபம் 100 ரூபாய். வரி போக மீதி 74 ரூபாய் 83 காசு. அதை டிவிடெண்டாக எடுத்தால், 2020 ஏப்ரல் முதல் வாங்குகிறவர் கையில் அதற்கு மறுபடியும் வரி. அவர் முப்பது சதவீத அடுக்கில் இருப்பவரானால் வீடு வந்து சேருவது 51 ரூபாய் 48 காசுதான். பார்ட்னர்ஷிப்பில் நிறுவனம் ஒரு தடவை வரி கட்டிவிட்டால் பங்குதாரரின் லாபப் பங்குக்கு வேறு வரி கிடையாது; 68 ரூபாய் 80 காசு கைக்கு வரும். எனவே வருகிற லாபம் முழுவதையும் குடும்பத்துக்கு எடுப்பவருக்குக் கம்பெனி வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். லாபத்தில் பெரும்பகுதியைச் சரக்கிலும் கிட்டங்கியிலும் போட்டு வியாபாரத்தைப் பெருக்குகிறவருக்குத்தான் அது பொருந்தும். போர்டில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று எழுதினால் மதிப்புக் கூடும் என்று மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மதிப்புக்கு ஆண்டுதோறும் ஆடிட் கட்டணமும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் செலவும் உண்டு.

சரி, மாற்றியாகிவிட்டது. இனி டைரக்டர் பணம் எடுப்பது எப்படி?

முதல் வழி சம்பளம். இது கம்பெனிக்குச் செலவு; எனவே அந்தத் தொகைக்குக் கம்பெனி வரி இல்லை. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டில் தனி நபருக்கு 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரி இல்லை. சம்பளம் வாங்குகிறவருக்கு 75,000 ரூபாய் நிலைக் கழிவு சேர்ந்து 12,75,000 ஆகிறது. வேறு வருமானம் இல்லாத டைரக்டர் இந்தத் தொகையைச் சம்பளமாக எடுத்தால் அவருக்கும் வரி இல்லை, கம்பெனிக்கும் ஏறத்தாழ 3,20,000 ரூபாய் வரி மிச்சம். பார்ட்னர் சம்பளத்துக்கு இருப்பது போன்ற சட்ட உச்சவரம்பு பிரைவேட் கம்பெனி டைரக்டர் சம்பளத்துக்கு இல்லை. ஆனால் பார்க்கும் வேலைக்குப் பொருத்தமில்லாத தொகை என்றால் அதிகாரி மிகையான பகுதியைத் தள்ளிவிடலாம்.

இதைக் கேட்டதும் வீட்டம்மாவையும் டைரக்டராக்கி இன்னொரு 12,75,000 எழுதலாமே என்று தோன்றும். கவனம் தேவை. கணவரும் உறவினரும் சேர்ந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ ஓட்டுரிமை வைத்திருக்கும் கம்பெனியில், தொழில் அறிவோ தகுதியோ இல்லாமல் மனைவி பெறும் சம்பளம் கணவர் வருமானத்தோடு சேர்க்கப்படும். கணக்குப் படித்து, உண்மையாகவே பேரேட்டைக் கவனித்துவரும் பெண்மணி என்றால் விஷயம் வேறு. கடையில் உழைக்கும் வயது வந்த மகனுக்குக் கொடுக்கும் நியாயமான சம்பளத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

நம்மவர்கள் பெரிதும் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. தலைமுறை தலைமுறையாகக் கல்லாவில் கைவைத்து எடுத்து, ‘சொந்தப் பற்று’ என்று எழுதிப் பழகியவர்கள் நாம். சொந்தக் கடையில் அது தவறில்லை. கம்பெனியில் அந்தப் பணம் உங்களுடையதல்ல; கம்பெனி என்கிற தனி ஆசாமியுடையது. 10 சதவீதமோ அதற்கு மேலோ ஓட்டுரிமையுள்ள பங்குதாரர், மகள் கல்யாணத்துக்கென்று கம்பெனியிலிருந்து 20 லட்சம் கடன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அந்தக் கடனை டிவிடெண்டாகவே சட்டம் கருதும். முப்பது சதவீத அடுக்கில் இருப்பவர் கட்ட வேண்டிய வரி, செஸ் சேர்த்து, 6,24,000 ரூபாய். “மார்ச்சுக்குள் திருப்பிக் கட்டிவிட்டேனே” என்றால் செல்லாது. ஆண்டு முடிவதற்குள் திருப்பிக் கட்டியிருந்தாலும் வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1977லேயே தீர்ப்பளித்துவிட்டது. இது போக, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்குப் பெற்ற சில பிரைவேட் கம்பெனிகளைத் தவிர, டைரக்டருக்குக் கடன் கொடுப்பதையே தடை செய்கிறது. அபராதம் ஐந்து லட்சத்தில் தொடங்குகிறது.

தலைகீழாகச் செய்தால் ஆதாயம். கம்பெனி தொடங்கும்போது கையிலிருக்கும் பணம் முழுவதையும் பங்கு மூலதனமாகப் போடாமல், ஒரு பகுதியை டைரக்டர் தரும் கடனாகப் போடுங்கள். அது வெளியில் கடன் வாங்கிய பணம் அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும். செக் மூலம்தான் தர வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கூடாது. அதற்கு நியாயமான வட்டி வாங்கலாம். கம்பெனிக்கு அது செலவு. அசலைத் திரும்ப எடுக்கும்போது வரி இல்லை. கல்யாணச் செலவுக்கு இந்த வழி இருந்திருந்தால் அந்த 6,24,000 ரூபாய் வீட்டிலேயே தங்கியிருக்கும்.

கிட்டங்கி உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் வாடகையும் வாங்கலாம். நகராட்சி வரி போக வரும் வாடகையில் 30 சதவீதம் கழித்துத்தான் உங்களுக்கு வரி. ஆனால் நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரானால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கம்பெனியே கட்ட வேண்டும். வரியில்லாத அரிசி, பருப்பு மூட்டைகளை மட்டும் விற்கும் கம்பெனிக்கு அது திரும்ப வராது. அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துத்தான் வாடகையைப் பேச வேண்டும்.

முதுமைக்கு நம்மில் பலரிடம் சரக்கையும் பாக்கிச் சிட்டையையும் தவிர வேறில்லை. சம்பளம் வாங்கும் டைரக்டருக்காக, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கம்பெனியே தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கட்டலாம். அது கம்பெனிக்குச் செலவு. புதிய வரி முறையிலும் டைரக்டருக்குக் கழிவு உண்டு. நம் வட்டாரத்தில் இதைச் செய்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சம்பளம், வட்டி, வாடகை எல்லாவற்றையும் ஏப்ரல் மாதமே போர்டு கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவிட வேண்டும். லாபம் தெரிந்த பிறகு மார்ச் 31ஆம் தேதி இரவு எழுதும் தீர்மானத்தை எந்த ஆடிட்டராலும் காப்பாற்ற முடியாது.