"டிவியில ஒண்ணும் சொல்லலையேம்மா!"

2019 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. டாலஸுக்கு வடக்கே ரிச்சர்ட்சனில் எங்கள் வீடு. ஹாலில் அப்பா கௌபாய்ஸ் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரணி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். அன்றைக்கு அவரை சோபாவை விட்டு எழுப்புவது நடக்காத காரியம். ஊரிலிருந்து வந்திருந்த அப்பத்தா உள்ளறையில் ஐபேடில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணி வாக்கில் என் போன் அலறியது. டொர்னேடோ வார்னிங், உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று இருந்தது. ஹாலுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் போனைப் பார்த்தார், பிறகு டிவியைப் பார்த்தார்.

"டிவியில ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார்.

உண்மைதான், டிவியில் ஒன்றும் சொல்லவில்லை. மேட்ச் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அம்மாதான் மாவுக் கையோடு வந்து, "டிவி சொல்லாட்டி என்ன, பிள்ளை சொல்லுதுல்ல, எந்திரிங்க" என்று சத்தம் போட்டார். நான்கு பேரும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்தோம். அப்பத்தா ஐபேடையும் கையோடு எடுத்து வந்திருந்தார்.

அந்த டொர்னேடோ எங்கள் தெருவைத் தொடவில்லை. ஆனால் அது சின்னக் காற்றும் இல்லை. ஈஎஃப்-3 வகை. மணிக்கு 140 மைல் வேகம். வடக்கு டாலஸில் தொடங்கி ரிச்சர்ட்சன் வரை 15 மைலுக்கு மேல் தரையில் ஓடியது. வீடுகளும் பள்ளிக்கூடங்களும் கடைகளும் உடைந்தன. ஒருவர்கூட சாகவில்லை என்பது அதிர்ஷ்டம்தான். மறுநாள் அந்தத் தொலைக்காட்சி நிலையம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. எச்சரிக்கை வந்த பிறகும் ஆறு நிமிடம் மேட்சை நிறுத்தாமல் இருந்தது எங்கள் தவறு என்று ஒப்புக்கொண்டது.

ஆறு நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு டொர்னேடோ எச்சரிக்கைக்கும் டொர்னேடோ வந்து சேர்வதற்கும் இடையில் கிடைப்பது சராசரியாகப் பத்து நிமிடத்தைச் சுற்றித்தான். அதில் ஆறு போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

அந்த நிலையத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தவறு செய்தார்கள், மறைக்காமல் சொன்னார்கள். என்னை இத்தனை வருடமாக உறுத்துவது அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியம். கையில் போன் அலறுகிறது, பெற்ற பெண் பதறுகிறாள், ஆனாலும் டிவி சொன்னால்தான் அவருக்கு அது உண்மை.

அப்பா மட்டும் அப்படி இல்லை. 2011 மே 22 அன்று மிசூரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரத்தை டொர்னேடோ தாக்கி 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் பற்றித் தேசிய வானிலைச் சேவை பின்னர் ஆராய்ந்தது. முதல் சைரன் சத்தம் கேட்டதும் பெரும்பாலானோர் ஒளிந்துகொள்ளவில்லை என்று தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், டிவியைப் போட்டார்கள், யாரையாவது கேட்டார்கள். ஒரு எச்சரிக்கை வந்ததும் இரண்டாவது சாட்சியைத் தேடுவது மனித சுபாவம். உள்ளூர் தொலைக்காட்சிதான் பல வீடுகளில் அந்த இரண்டாவது சாட்சி.

"இப்போ யாரு டிவி பாக்குறா, எல்லாம் போன்லயே வருதே" என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். போன் எச்சரிக்கை அதிகபட்சம் 360 எழுத்து. உங்களைப் பயமுறுத்தி எழுப்ப அது போதும். ஆனால் காற்று இப்போது எந்த ரோட்டைத் தாண்டுகிறது, உங்கள் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் எத்தனை மணிக்கு வரும், எப்போது வெளியே வரலாம் என்பதை அது சொல்லாது. அதை ஒரு மனிதர் வரைபடத்துக்கு முன்னால் நின்று, நிமிடத்துக்கு நிமிடம் சொல்ல வேண்டும்.

அதை நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அலபாமாவில் ஜேம்ஸ் ஸ்பான் என்று ஒரு வானிலையாளர். அவர் கோட்டைக் கழற்றிவிட்டு சஸ்பெண்டரோடு நின்றால் நிலைமை மோசம் என்று அந்த மாநிலத்துக்கே தெரியும். அவர் வெறுமனே மாவட்டத்தின் பெயரைச் சொல்லி நிறுத்துவதில்லை. இந்தச் சர்ச், இந்தப் பெட்ரோல் பங்க், இந்தச் சந்திப்பு என்று அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த இடங்களைச் சொல்லுவார். வரைபடத்தில் தன் ஊரைக் காட்டத் தெரியாதவர்கூட, தான் தினமும் கடக்கும் கடையின் பெயரைக் கேட்டால் எழுந்துவிடுவார். 2021 மார்ச்சில் அவர் நேரலையில் இருக்கும்போதே அவருடைய சொந்த வீட்டை ஒரு டொர்னேடோ தாக்கியது. கொஞ்ச நேரம் விலகிப் போய், மனைவி பத்திரமாக இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு, திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்.

இந்த வேலை எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. அதே 2019 மே மாதம், ஒகையோவின் டேட்டன் பகுதியில் டொர்னேடோக்கள் வந்த இரவு, ஒரு வானிலையாளர் எச்சரிக்கை சொல்வதற்காக ஒரு டேட்டிங் ரியாலிட்டி ஷோ நிறுத்தப்பட்டது. "ஷோவைப் போடு" என்று நேயர்கள் இணையத்தில் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் நேரலையிலேயே கோபப்பட்டார். அடுத்த மாதம் இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டில் இதற்கு நேர் எதிரான பிரச்சினை. அங்கே ஒரு நிலையம் 'கோட் ரெட்' என்ற பெயரில் அடிக்கடி அபாய அறிவிப்பு போட்டது. எதற்கெடுத்தாலும் சிவப்பு என்றால் யார் நம்புவார்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அந்த நிலையத்தின் வானிலையாளரே அதை நேரலையில் பேசினார். அதன் பிறகு அந்த நிலையத்தின் திரையில் அவர் வரவில்லை.

ஒரு பக்கம் நிறுத்தவேண்டிய நேரத்தில் நிகழ்ச்சியை நிறுத்துவதில்லை, இன்னொரு பக்கம் மழைத் தூறலுக்கெல்லாம் சிவப்புப் பட்டை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பார்வையாளரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். விளம்பரப் பணம் அப்படித்தான் வருகிறது. நாமும் இதில் பங்காளிகள். மேட்சை நிறுத்தினால் திட்டுகிறோம், காற்றில் சாய்ந்துகொண்டு கத்தும் நிருபரின் வீடியோவைத்தான் ஷேர் செய்கிறோம்.

டிவி சொல்வதை மக்கள் கேட்கிறார்கள் என்பதாலேயே அது தப்பாகச் சொன்னால் ஆபத்து. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் 2.6 மைல் அகலமுள்ள டொர்னேடோ வந்தது. பதினொரு நாளுக்கு முன்னால்தான் பக்கத்து மூர் நகரம் அழிந்திருந்தது. மக்கள் நடுங்கிப் போயிருந்தார்கள். அன்று ஒரு நிலையத்தில், காரில் ஏறித் தெற்கே போய்விடுங்கள் என்று யோசனை சொன்னார்கள். நெடுஞ்சாலைகள் கார்களால் அடைத்துக்கொண்டன. அந்த டொர்னேடோவில் இறந்த எட்டுப் பேரும் வண்டிகளில் இருந்தவர்கள்தான். அவர்களில் சிலர் புயலைத் துரத்திப் போன ஆராய்ச்சியாளர்கள். ஆனால் அந்தச் சாலை நெரிசலின் மேல் டொர்னேடோ நேராகத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

ஆக, நிலையங்களிடம் நான் கேட்பது மூன்றுதான். எச்சரிக்கை வந்த நிமிடமே நிகழ்ச்சியை நிறுத்துங்கள், யார் திட்டினாலும் சரி. மாவட்டப் பெயரோடு நிற்காமல் தெருவையும் கடையையும் சொல்லுங்கள். பயப்பட வேண்டாத நாளில் பயமுறுத்தாதீர்கள்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாமே வீட்டில் உள்ளூர் சேனல் ஓடினால்தான் உதவும். அன்றிரவு அப்பா மேட்ச் பார்த்ததால்தான் எங்கள் வீட்டில் உள்ளூர் சேனலே ஓடியது. மற்ற நாட்களில் எங்கள் டிவியில் வருவது சென்னைச் செய்தியும் யூடியூபும்தான். வேளச்சேரியில் தண்ணீர் தேங்கினால் அம்மாவுக்கு உடனே தெரியும். எங்கள் தெருவில் சைரன் அடித்தால் ஏன் என்று தெரியாது. உங்கள் வீடும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. 1987 மே 22 அன்று மேற்கு டெக்சாஸில் சராகோசா என்ற சின்ன ஊரை டொர்னேடோ தாக்கி 30 பேர் இறந்தார்கள். அவர்களில் 22 பேர் ஒரு சர்ச் மண்டபத்தில், மழலைப் பள்ளிக் குழந்தைகளின் பட்டமளிப்பு விழாவில் கூடியிருந்தவர்கள். ஊரில் பெரும்பாலானோர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். பலர் வீட்டில் பார்த்தது வெளியூரிலிருந்து வந்த ஸ்பானிஷ் சேனல். அதில் உள்ளூர் எச்சரிக்கை வரவில்லை. தங்கள் மொழியில் டிவி பார்த்தது அவர்கள் செய்த குற்றமில்லை. அந்த மொழியில் எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லாததுதான் குற்றம்.

நமக்கு அந்த ஆள் யார்? போன் எச்சரிக்கைகளை ஆங்கிலமும் ஸ்பானிஷும் தவிர வேறு மொழிகளிலும் தர வழிசெய்யும் விதியை மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 2023இல் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. எந்த உள்ளூர் நிலையமும் நாளைக்குத் தமிழில் பேசப்போவதில்லை. ஆகவே அந்த ஆள் நாம்தான். ஆங்கிலத்தில் கேட்டு, தமிழில் சொல்லி, பெரியவர்களை எழுப்பி அறைக்குள் அனுப்ப வேண்டியது நீங்களும் நானும்.

சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை என்பதையும் அந்த இரவில்தான் கற்றேன். சாயங்காலமே 'டொர்னேடோ வாட்ச்' வந்திருந்தது. நான் அப்பத்தாவிடம் "எச்சரிக்கை விட்டிருக்காங்க" என்றேன். ஒன்பது மணிக்கு 'வார்னிங்' வந்தபோதும் "எச்சரிக்கை விட்டிருக்காங்க" என்றேன். "அதான் அப்பவே சொல்லிட்டியே ஆத்தா" என்று அவர் சீரியலைத் தொடர்ந்தார். தப்பு என்னுடையது. 'வாட்ச்' என்றால் வரக்கூடும், தயாராய் இரு என்று அர்த்தம். 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது, இப்போதே ஒளிந்துகொள். தமிழ்ப் பள்ளியில் நான் படித்த ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டுவிட்டேன்.

அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்திருந்தபோது அப்பத்தா கேட்டார்: "எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்திருக்காக?" எனக்குப் புரியவில்லை. அப்பாதான் விளக்கினார். அப்பத்தாவுக்கு ராமநாதபுரம் பக்கம். அங்கே புயல் வந்தால் பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், ரேடியோவில் நம்பர் சொல்லுவார்கள். மூன்றாம் நம்பர் என்றால் கவனமாக இரு. பத்தாம் நம்பர் என்றால் பெரிய அபாயம். தனுஷ்கோடியை 1964இல் கடல் கொண்டுபோனதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நம்பர்களை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'வாட்ச்' என்றால் மூன்றாம் நம்பர், 'வார்னிங்' என்றால் பத்தாம் நம்பர். அப்பத்தா ஊருக்குத் திரும்பிய பிறகும் அம்மா அப்பா அப்படித்தான் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடிய சில வேலைகள் சொல்கிறேன். முதலில், உங்கள் கவுன்ட்டியின் பெயரை அம்மா அப்பாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். பல எச்சரிக்கைகளில் அந்தப் பெயர்தான் முதலில் வரும். ஒரு சின்ன ஆன்டெனா வாங்கி டிவியில் மாட்டுங்கள். உள்ளூர் சேனல்கள் அதில் இலவசம், இன்டர்நெட் போனாலும் வரும். கரண்ட் போனால் டிவியும் போய்விடும் என்பதால் பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்றும் வேண்டும். 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவில் காலையில் வந்த புயலிலேயே பல இடங்களில் கரண்ட் போய்விட்டது. மாலையில் பெரிய டொர்னேடோக்கள் வந்தபோது அங்கெல்லாம் டிவி வேலை செய்யவில்லை. ஸ்பான் போன்றவர் பேசிக்கொண்டே இருந்தும் அந்த மாநிலத்தில் மட்டும் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கடைசியாக ஒன்று. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எச்சரிக்கையின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கூடவே தமிழில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். "பத்தாம் நம்பர். கோயில் இருக்கிற ரோடு வரைக்கும் வந்துருச்சு. பாத்ரூமுக்குள்ள போங்க. நான் திரும்பக் கூப்பிடுறேன்." ஸ்பான் செய்வதும் இதுதானே?

நான் இப்போது படிப்புக்காக வேறு ஊரில் இருக்கிறேன். போன வசந்தத்தில் ஒரு ராத்திரி ரிச்சர்ட்சனுக்கு எச்சரிக்கை வந்ததை என் போனில் பார்த்தேன். உடனே வீட்டுக்குக் கூப்பிட்டேன். அப்பாதான் எடுத்தார். குரல் கொஞ்சம் அமுங்கிக் கேட்டது.

"உள்ளதாம்மா இருக்கோம்" என்றார். "டிவியில இன்னும் சொல்லல. அதுக்காகக் காத்திருக்க முடியுமா?"