தெருக்கோடியில் மூன்று ஆசான்கள்



இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் சென்ற திங்களில் வந்த ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஒரு சகோதரி. “எங்கள் பக்கத்துத் தெருவில் யோகாசன வகுப்பு நடக்கிறது. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் அத்தையை அதில் சேர்க்க எண்ணம். ஆனால் கற்பிப்போர் நம் மொழி அறியாதவர்கள். யார், எத்தகையவர் என்பதும் தெரியாது. வயதானவரை நம்பி அனுப்பலாமா?” என்று அவர் வினவியிருந்தார்.

அனுப்பலாம் என்றோ, வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட இயலாது. இதே ஐயம் எனக்கும் இருந்தது. அது தீர்ந்த விதத்தைச் சொல்லுகிறேன். விடை அதனுள்ளேயே கிடைக்கும்.

புனே நகரில் நாங்கள் குடியேறி 19 ஆண்டுகள் ஆகின்றன. என் தந்தையார் மறைந்தபின், திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, என் தாயார் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். வந்த முதல் ஆண்டின் மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆயினும் அன்று உடம்பில் படாத அடி மனத்தில் பட்டுவிட்டது. அதன் பிறகு நாற்காலியும் கட்டிலுமே அவர்கள் உலகமாயின. தரையில் அமர்வதே இல்லை. “கால்களுக்குப் பயிற்சி வேண்டும், இல்லாவிடில் உள்ள வலுவும் போய்விடும்” என்றார் டாக்டர்.

எங்கள் தெருக்கோடியில் மாவரைக்கும் மில் ஒன்று உண்டு. அதன் பின்புறம், தரைத்தளத்தில், ஒரு நீண்ட கூடம். சுவரில் கயிறுகள் தொங்கும். மூலையில் மரக்கட்டைகளும் மடக்கு நாற்காலிகளும் அடுக்கியிருக்கும். கோதுமை மாவின் மணம் எந்நேரமும் வீசும் அந்த வாயிலை ஒன்பது ஆண்டுகளாக நாள்தோறும் கடந்து சென்றிருக்கிறேன். உள்ளே இருப்பவர் யார் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அயலூரில் வாழும் நம்மில் பலருடைய வழக்கம் இதுதானே! ஊரிலுள்ள உறவினர் வீட்டு நாய்க்குட்டியின் பெயரும் நமக்குத் தெரியும். அடுத்த கதவுக்காரரின் முகம் தெரியாது.

ஒரு மாலையில் தாயாரை அங்கே அழைத்துச் சென்றேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் எதிர்கொண்டார். மாணவர்கள் யாவரும் அவரைத் ‘தாயி’ என்று அழைத்தனர். மராத்தியில் அச்சொல்லுக்கு அக்காள் என்பது பொருள். என் தாயாரோ, “தாயீ என்று கூப்பிடுகிறார்களே, நம் பக்கத்துக்காரியோ?” என்று என் காதில் கேட்டார்கள். அந்த ஒரு சொல்லிலேயே அவர்களுடைய அச்சத்தில் பாதி நீங்கிவிட்டது.

தாயி உடனே பாயை விரிக்கவில்லை. எங்களை உட்கார வைத்து அரைமணி நேரம் கேள்விகள் கேட்டார். இரத்த அழுத்தம் உண்டா? என்னென்ன மருந்து உட்கொள்கிறார்? கண்ணில் அறுவை நடந்ததா? கண்ணழுத்த நோய் உண்டா? எப்போது விழுந்தார், எப்பக்கம் விழுந்தார்? டாக்டர் என்ன கூறினார்? இவற்றுக்கெல்லாம் நான் விடையளித்தேன். இறுதியில் அவர் என்னை விடுத்து என் தாயாரை நோக்கி ஒன்று கேட்டார். அதை மொழிபெயர்ப்பது மட்டுமே என் வேலையாயிற்று.

“முன்பு செய்துகொண்டிருந்து, இப்போது செய்ய முடியாமல் போனவற்றுள் எதை மீண்டும் செய்ய விரும்புகிறீர்கள்?”

தாயார் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “வாசலில் உட்கார்ந்து கோலம் போட வேண்டும், ஐயா. போட்டுவிட்டு யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும்” என்றார்கள்.

நான் திகைத்துப் போனேன். எங்கள் வாயிலில் கடையில் வாங்கிய ஒட்டுக்கோலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. அம்மாவுக்கு வேலை மிச்சம் என்றே நானும் என் மனைவியும் எண்ணியிருந்தோம். நாள்தோறும் அதைத் தாண்டிச் சென்ற அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதை, அவர்கள் மொழியே அறியாத ஒருவர் கேட்டு நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பயிற்சி தொடங்கியது. முதல் மாதம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்தும், சுவரைப் பற்றி நின்றும் செய்வனவே. அடுத்து, தரையிலிருந்து எழும் முறை. அதைத் தாயி நான்கு படிகளாகப் பிரித்துக் கற்பித்தார். முதலில் ஒரு பக்கமாகத் திரும்ப வேண்டும். பிறகு இரு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் குழந்தை தவழ்வதுபோல் நிற்க வேண்டும். மூன்றாவதாக, எதிரே உள்ள அசையாத நாற்காலியின் இருக்கையில் கைகளை வைத்து, வலுவுள்ள காலின் பாதத்தை முன்னே ஊன்ற வேண்டும். கடைசியாக, கையாலும் காலாலும் ஒருசேர அழுத்தி எழுந்து, திரும்பி நாற்காலியில் அமர்ந்து மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் வேடிக்கையான வளைவுகள் ஏதுமில்லை. ஆயினும் விழுந்தவரின் அச்சத்தைப் போக்க இதனினும் சிறந்த ஆசனத்தை நான் கண்டதில்லை.

நாள்தோறும் துணைக்குச் சென்றதால் ஆசிரியர் மூவரையும் அறியும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

தாயி கொங்கணக் கரையிலுள்ள இரத்தினகிரிப் பக்கத்தவர்; மணமாகிப் புனேக்கு வந்தவர். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தபோது முதுகுவலியால் துன்புற்று, அதற்காகவே பயிலத் தொடங்கி, பின்னர் பயிற்றுவிக்கவும் கற்றவர். “வலி என்னவென்று அறியாதவர் பிறர் உடம்பைத் தொடக்கூடாது” என்பது அவர் கொள்கை. நான் கைப்பேசியில் படம் பார்த்துச் சிரசாசனம் செய்ய முயன்று கழுத்தைச் சுளுக்கிக்கொண்ட கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “உங்கள் குழந்தைக்குப் படத்தைக் காட்டிவிட்டுக் கிணற்றில் தள்ளி நீச்சல் கற்பிப்பீர்களா?” என்று கேட்டார். அன்றே நானும் மாணவனானேன்.

இரண்டாமவர் எழுபது கடந்த பெரியவர். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ‘காகா’, அதாவது சிற்றப்பா. என் தாயார் முதல் வாரம் முழுவதும் அப்பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். “பெரிய மனிதரைக் காக்கையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுவதா?” என்பது அவர்கள் வாதம். முதியோர் வகுப்பை அவர் ஊதியமின்றி நடத்துகிறார். புனேயின் யோக வரலாற்றை நான் கேட்டறிந்ததும் அவரிடமே.

யோகம் நம்முடையது, திருமூலரே எட்டு உறுப்புகளையும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் விளக்கிவிட்டார் என்று நம்மிற் சிலர் பெருமை பேசுவதுண்டு. பெருமை தவறன்று. ஆனால் நாம் குடியேறியுள்ள இந்த மண்ணுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. அன்றைய பம்பாயில் யோகேந்திரர் 1918-இல் யோகப் பள்ளி தொடங்கினார். புனேக்கும் பம்பாய்க்கும் இடையிலுள்ள லோணாவளாவில் சுவாமி குவலயானந்தர் 1924-இல் கைவல்யதாமத்தை நிறுவி, ஆசனங்களின் பயனை விஞ்ஞானக் கருவிகளைக் கொண்டு ஆராய முற்பட்டார்.

இவற்றினும் நமக்கு நெருக்கமானது மற்றொரு செய்தி. கோலார் மாவட்டத்துப் பெல்லூரில், தமிழ் பேசும் வைணவக் குடும்பத்தில் 1918-இல் பிறந்தவர் பி.கே.எஸ். அய்யங்கார். இளமையில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் ஆகியவற்றால் நலிந்தவர். மைசூரில் தம் தமக்கையின் கணவரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்று, 1937-இல், 18 வயதில், ஆறு மாதம் கற்பிப்பதற்கென்று புனேக்கு அனுப்பப்பட்டார். இவ்வூர் மொழி அவருக்குச் சரளமாக வராது; உறவினர் எவரும் இல்லை. ஆறு மாதத்துக்கு வந்தவர் 2014-இல் மறையும்வரை இவ்வூரிலேயே வாழ்ந்தார். 1975-இல் தம் மறைந்த மனைவியார் பெயரால் இங்கு அவர் அமைத்த நிலையத்துக்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் மாணவர் வந்தனர். கயிறு, கட்டை, நாற்காலி ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு நோயுற்றோரும் முதியோரும் ஆசனம் பயிலும் முறையைப் பரப்பியவரும் அவரே. மில்லின் பின்புறக் கூடத்தில் தொங்கும் கயிறுகள் அவ்வழி வந்தவையே. அவருடைய குருவான கிருஷ்ணமாச்சாரியாரோ பிற்காலத்தில் சென்னையில் குடியமர்ந்து, தம் நூறாம் வயதில், 1989-இல் மறைந்தார். புலம்பெயர்ந்தவர் என்ற சொல் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்விருவர் வாழ்க்கையும் நினைவூட்டுகின்றன.

மூன்றாமவர் பீகாரிலிருந்து வந்த இளைஞர். வயது இருபத்தைந்து இருக்கலாம். விடியுமுன் சைக்கிளில் புறப்பட்டு இரண்டு வீடுகளில் பாடம் சொல்லிவிட்டு ஆறரை மணிக்கு எங்கள் கூடத்துக்கு வருவார். என் தாயாரை ‘அம்மாஜி’ என்பார். அவர்கள் அவரைத் ‘தம்பி’ என்பார்கள். அவர் இந்தியில் பேசுவார். இவர்கள் நெல்லைத் தமிழில் விடை கூறுவார்கள். அவர்களுக்குள் கருத்து வேறுபாடு ஏதும் நிகழ்ந்ததாக நான் அறியேன்.

அந்தத் தம்பியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்; சொல்லுவதற்கு வெட்கமாகவும் இருக்கிறது. மே மாதம் வந்தது. நாங்கள் ஊருக்குப் புறப்பட்டோம். ஒரு மாதம் வரப்போவதில்லை. ஆகவே அம்மாதக் கட்டணம் 1,200 ரூபாயைக் கொடுக்க வேண்டியதில்லை என்று நான் கணக்கிட்டேன். வேறு பல குடும்பங்களும் அவ்வாறே கணக்கிட்டிருந்தன. தாயார் பெட்டியை அடுக்கிக்கொண்டே கேட்டார்கள்: “உன் ஆபீஸில் லீவு போட்டால் சம்பளம் வருகிறதா, ஐயா?”

“வருகிறது, அம்மா.”

“அந்தத் தம்பிக்கு?”

என்னால் விடை கூற முடியவில்லை. மறுநாள் காலை தாயியிடம் விசாரித்தேன். வருகிற மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே அவருக்கு ஊதியம். கோடையிலும் தீபாவளியிலும் கூடம் காலியாகும். அம்மாதங்களில் வீட்டுக்கு அனுப்பும் பணத்தைக் குறைத்துக்கொள்வார். சில வேளை காலை உணவையும் குறைத்துக்கொள்வார் என்றார். இரண்டு ஆண்டு என் தாயாரின் கையைப் பிடித்துப் பயிற்றுவித்தவர் பசியோடு பயிற்றுவித்திருக்கிறார்! கட்டணத்தைச் செலுத்திவிட்டே இரயில் ஏறினோம். திரும்பி வந்தபின் ஒரு வழக்கம் ஏற்பட்டது. வகுப்பு முடிந்ததும் என் தாயாரின் தூக்குப்பாத்திரத்திலிருந்து ஆறு இட்டிலி தம்பியின் தட்டுக்குப் போகும். ஆசனம் பயிலுவோர் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பது விதி; வெறும் வயிற்றோடு திரும்ப வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு என் விடை. முதலில் நீங்கள் தனியே சென்று, ஒருநாள் வகுப்பை ஓரமாக அமர்ந்து பாருங்கள். நல்ல ஆசிரியர் அதனைத் தடுக்கமாட்டார். பின்னர் அத்தையை அழைத்துச் செல்லும்போது, ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதைக் காட்டிலும் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். நோயையும் மருந்தையும் கேளாதவரிடம் முதியவரை ஒப்படைக்க வேண்டாம். கண்ணழுத்த நோய் உள்ளவரைத் தலைகீழாக நிற்கச் சொல்பவர், உயர்ந்த இரத்த அழுத்தம் உள்ளவரைக் கபாலபாதி என்று வேகமாக மூச்சுவிடச் சொல்பவர், எலும்பு மெலிந்தவரை முன்னே வளைத்து அழுத்துபவர் ஆகியோரை விட்டு விலகுங்கள். மருந்தை நிறுத்திவிடுங்கள் என்பவரிடமிருந்து விரைந்தே விலகுங்கள். ஆயுஷ் அமைச்சகத்தின் கீழுள்ள வாரியம் ஆசிரியர்களுக்குத் தேர்வு நடத்திச் சான்று வழங்குகிறது. அதைக் கேட்டுப் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் சான்று சுவரில் தொங்கும். பொறுமை முகத்தில்தான் தெரியும். மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். முதல் சில நாட்கள் நீங்கள் உடனிருந்தால் போதும்.

யாவற்றுக்கும் மேலாக, அவர்களையும் விசாரியுங்கள். எவ்வூர், யார் துணை, உண்டாரா என்று கேளுங்கள். நம் உடம்பை ஒப்படைக்கும் இடத்தில் நம் அன்பையும் சிறிது வைத்துவிட்டு வருவோம்.

சென்ற மார்கழி முதல் நாள். மில்லில், கோதுமை கலந்துவிடக்கூடாது என்று அருகில் நின்று கண்காணித்து அரைத்துவந்த பச்சரிசி மாவோடு என் தாயார் வாயிலில் அமர்ந்தார்கள். ஒட்டுக்கோலத்தை முதல் நாளே சுரண்டி எடுத்தாயிற்று. புள்ளி வைத்து, இழை சுற்றி முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. நான் ஓடிச்சென்று கை கொடுக்கப் போனேன். “நில்லு” என்றார்கள். பக்கம் திரும்பினார்கள், தவழ்ந்தார்கள், முக்காலியில் கை வைத்தார்கள், எழுந்துவிட்டார்கள்.

அன்று மாலை தாயி எங்கள் வீட்டுக்கு வந்தார். கோலத்தை நெடுநேரம் பார்த்தார். இவ்வூரில் அவர்கள் இடும் ரங்கோலி வேறு வகை. புள்ளியைச் சுற்றி வளையும் இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தரையில் அமர்ந்து, கற்றுத்தரும்படி சைகை செய்தார். அவர் இட்ட முதல் இழை கோணிற்று. என் தாயார் அதைத் துணியால் துடைத்துவிட்டு, “அவசரம் கூடாது, தாயி. மூச்சை விட்டுக்கொண்டே இழு” என்றார்கள்.

அதை நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

உங்கள் அண்டையிலும் இத்தகைய ஆசான்கள் இருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுதுங்கள். அடுத்த இதழில் இப்பகுதியில் இடம் தருவோம்.