குடி போனது, கோபம் போனதா?

குடியை விட்டவரை மறுபடியும் குடிக்க இழுப்பது எது? நாக்கு ருசி மட்டும் அல்ல. மனத்தில் கிடக்கும் பழைய பகையும்தான்!

"அண்ணன் சொத்தில் ஏமாற்றினான்", "முதலாளி அவமானப்படுத்தினார்" என்று நினைத்து நினைத்துக் குமுறுவார். குமுறல் முற்றினால் கை பாட்டிலைத் தேடும்.

1935-ம் ஆண்டு, அமெரிக்காவில் உள்ள ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரியும், பாப் ஸ்மித் என்ற டாக்டரும் சந்தித்தார்கள். இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். அவர்கள் தொடங்கியதுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கம். குடிகாரரை அழிப்பதில் முதல் இடம் மனக்கசப்புக்கே என்கிறது, 1939-ல் வெளிவந்த அதன் புத்தகம்.

வழியும் சொல்கிறது. காகிதமும் பென்சிலும் போதும்! யார் மேல் கோபம்? எதனால்? அடிபட்டது பணமா, மானமா? எல்லாவற்றையும் எழுத வேண்டும். பிறகு, எதிராளியின் குற்றத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, தன் தவறு என்ன என்று எழுத வேண்டும். இங்கேதான் பென்சில் நகராது! எழுதியதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லவும் வேண்டும்.

இந்தச் சங்கத்தின் முறை பலிக்கிறதா? 10,565 பேரைப் பற்றிய 27 ஆய்வுகளை 2020-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். குடியை அறவே விடுவதில் இது மற்ற சிகிச்சைகளுக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது.

ஆனால், கணவன் பகையை விட்டதால் மனைவியும் உடனே எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டுமா? அப்படிக் கேட்பது நியாயம் அல்ல. பட்டவள் அவள். தன்னால் துன்பப்பட்டவர்களின் பெயர்களையும் அவன் எழுத வேண்டும். அவர்களிடம் போய், செய்த தீங்கைச் சரிசெய்ய வேண்டும். போவதால் அவர்களுக்குப் புதுத் துன்பம் வரும் என்றால், போகக் கூடாது.