பேயின் மீது பழி போடாதீர்!

திகில் கதை என்றாலே முகம் சுளிப்போர் நம் இலக்கிய உலகில் பலர். "பொழுதைக் கொல்லும் சரக்கு, இதில் சமுதாயம் எங்கே?" என்பர். சமுதாயம் அங்கே இருக்கிறது. அதுவும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஸ்டீபன் கிங் 1977இல் வெளியிட்ட 'தி ஷைனிங்' நாவலில், பனி சூழ்ந்த ஹோட்டலின் ஆவிகள் தந்தையை ஆட்கொள்கின்றன. அவன் மனைவியையும் மகனையும் கொல்லப் புறப்படுகிறான். ஆனால், ஹோட்டலை அவன் கண்ணால் காணுமுன்பே குடிவெறியில் மகனின் கையை முறித்தவன் அவன்! அவன் எழுத்தறியாதவனும் அல்லன். மாணவனை அடித்து வேலையிழந்த ஆசிரியன். அந்தக் குற்றத்துக்குப் பேயா பொறுப்பு?

அதே எழுத்தாளரின் 'இட்' (1986) நாவலில், பதினொரு வயதுப் பெவர்லி சாக்கடைப் பேயை மட்டுமன்றி, அடிக்கும் தகப்பனையும் எதிர்கொள்கிறாள். ஊர்ப் பெரியவர்களோ கண்டும் காணாதிருக்கிறார்கள். அந்நாவலின் உண்மையான பயங்கரம் இதுவே.

நாம் மட்டும் என்ன செய்தோம்? கணவனால் கொலையுண்டு, பேயாய் வந்து பழிதீர்த்த பழையனூர் நீலியின் பெயரை வசைச்சொல்லாக்கினோம். பொய்யழுகைக்கு 'நீலிக் கண்ணீர்' என்று பெயரிட்டோம். கொன்றவன் பெயரால் வசைச்சொல் ஏதும் பிறக்கவில்லை!

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று இன்றும் நியாயம் பேசுவோர் உளர். இலங்கையில் 2019இல் நடந்த தேசிய ஆய்வு, ஐந்து பெண்களில் ஒருவர் துணைவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று கண்டது. அத்தகைய வீடுகளில் தாய்க்கும் தந்தைக்கும் இடையே போய் நிற்பவர் யார்? பெரும்பாலும் பள்ளிச் சீருடை மாற்றாத மூத்த பிள்ளை. அவனைக் கதாநாயகன் என்று புகழ்ந்துவிட்டு ஒதுங்குவது கயமை. பெரியோர் கைவிட்ட கடமையையே அவன் சுமக்கிறான்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், நீதவான் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் அதிகாரியே விண்ணப்பிக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற தொலைபேசி எண் உண்டு. ஆயினும், "குடும்ப விஷயம்" என்ற ஒரு சொல் இவையனைத்தையும் முடக்கிவிடுகிறது.

திருகோணமலையில் ஓர் ஊருக்கு அன்புவழிபுரம் என்று பெயர். எத்துணை அழகிய பெயர்! அங்கேயாகட்டும், வேறெங்கேயாகட்டும், அன்பின் வழி பெயர்ப்பலகையோடு நின்றுவிடலாகாது. ஆசிரியத் தோழர்களே! வகுப்பில் உறங்கிவிழும் மாணவனைத் தண்டிக்குமுன், இரவெல்லாம் அவன் யாருக்காகக் காவல் இருந்தான் என்று கேளுங்கள். மாணவ நண்பர்களே! பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் கதவைச் சாத்தாதீர்கள். அங்கே அலறவைப்பது பேயன்று.