அழியும் நாளை யார் குறிப்பது?

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு சின்ன ஆப் எழுதினேன். பதிவு செய்பவர்களின் மின்னஞ்சலுக்கு ஆறு இலக்க எண் ஒன்று போகும். பத்து நிமிடத்தில் அந்த எண் டேட்டாபேஸிலிருந்து அழிய வேண்டும். மங்கூஸில் அதற்கு ஒரே வரிதான்: தேதிப் புலத்தில் 'எக்ஸ்பயர்ஸ்' என்று எழுதி நேரத்தைக் கொடுத்தால் போதும். எழுதினேன். ஆனால் எண்ணுக்கான ஸ்கீமாவில் இல்லை, மாணவர் ஸ்கீமாவில்! காலையில் பதிந்த பிள்ளைகள் ஒருவரும் மதியம் இல்லை.

பதறிப்போய் அந்த வரியை எடுத்தேன். அதற்குப் பிறகும் பெயர்கள் மறைந்துகொண்டே இருந்தன. ஏன் தெரியுமா? மங்கூஸ் எதையும் அழிப்பதில்லை. அது மோங்கோடிபியில் ஒரு இண்டெக்ஸை உருவாக்கிவிட்டு ஒதுங்கிவிடும். 60 விநாடிக்கு ஒருமுறை எழுந்து காலம் முடிந்ததை அழிப்பது சர்வர்தான். கோடை மாற்றினாலும் அந்த இண்டெக்ஸ் அங்கேயே இருக்கும்; நாம்தான் போய் நீக்க வேண்டும். அழிப்பதற்கு முன் ஓடும் என்று மங்கூஸில் நாம் எழுதி வைத்த வேலைகளும் ஓடாது. குப்பைத் தொட்டியும் இல்லை.

இதைச் சொன்னால் சிலர், "அப்போ எதையும் அழிக்காதே, எல்லாம் கிடக்கட்டும்" என்கிறார்கள். அதுதான் பெரிய தவறு! பள்ளியை விட்டுப் போன பிள்ளையின் பிறந்த தேதியும் அம்மாவின் போன் நம்பரும் உங்களுக்கு எதற்கு? தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்று 2018 முதல் ஐரோப்பாவில் சட்டமே சொல்கிறது. இல்லாத தகவலை யாராலும் திருட முடியாது.

ஆகவே அழியுங்கள், ஆனால் யோசித்து அழியுங்கள். ஒவ்வொரு பதிவிலும் 'அழியும் நேரம்' என்று தனிப் புலம் வையுங்கள். இண்டெக்ஸில் விநாடியைப் பூச்சியமாக்குங்கள். தேதி குறித்த பதிவு அந்த நேரம் கடந்ததும் போகும். தேதி இல்லாதது தங்கும். முதலில் வேறொரு டேட்டாபேஸில் பொய்த் தகவல் போட்டுப் பாருங்கள்.

மங்கூஸ் என்றால் கீரி. பிள்ளையைக் காத்த கீரியை அவசரத்தில் கொன்றுவிட்டு அழுத தாயின் கதையை அம்மம்மா சொல்லியிருப்பார். ஒரு வரியை காப்பி பேஸ்ட் செய்யும் முன் அந்தத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள்.