திரும்ப வருவதும் ஒன்றேயாவதும்

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966 முதல் மைசூரில் இயங்கி வருகிறது. அங்குச் சேர்ந்த மைப்படிகள் தமிழாய்வுக்கு எத்துணை முதன்மையானவை என்பதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய கல்வெட்டுகளைக் கணினியில் அட்டவணைப்படுத்தும்போது மன்னர், ஊர், மொழி ஆகிய பத்திகளில் ஒரே மதிப்பு மீண்டும் மீண்டும் வரும்.

'முதலாம் இராசராசன்' என்னும் தொடர் யூ.டி.எஃப்-8 முறையில் 49 பைட் கொள்ளும். அது 10,000 பதிவுகளில் வருமாயின் 4,90,000 பைட். மன்னர் பெயர்களுக்கு ஓர் அகராதி அமைத்து, பதிவுதோறும் 1 பைட் குறியெண் மட்டும் இட்டால், அகராதி நீங்கலாக 10,000 பைட் போதும். 1 பைட்டால் 256 பெயர்களைச் சுட்டலாம். பதிவுகளை மன்னர்வாரியாக அடுக்கினால், பெயரையும் அது தொடரும் எண்ணிக்கையையும் ஒருமுறை குறித்தாலே போதும். ஆனால் மதிப்புகள் மாறிமாறி வரும் பத்தியில் இந்த இரண்டாம் முறை இடத்தைக் கூட்டிவிடவும் கூடும்.

சிறிய நினைவகமுள்ள மடிக்கணினியை நம்பியிருக்கும் மாணவருக்கு இச்சிக்கனம் ஆய்வின் வாயிலையே திறந்துவிடுகிறது. கலைப்புல ஆய்வு முறையியலில் இதற்கு இடமளிக்க வேண்டும்.

எனினும் சிக்கனத்தின் பெயரால் ஒரு பிழை நேர்கிறது. முதலாம் இராசராசன் காலந்தொட்டு மெய்க்கீர்த்திகள் பல கல்வெட்டுகளின் தொடக்கத்தில் திரும்ப வருகின்றன. அவற்றை ஒரே பாடமாகத் திருத்தி, ஒரே குறியெண் இட்டுவிடலாம் என்ற எண்ணம் எளிதில் எழும். ஆனால் பொறித்தவர் புள்ளியிட்டாரா, வடசொல்லைக் கிரந்த எழுத்தில் எழுதினாரா, தமிழ் எழுத்தில் எழுதினாரா என்பன மொழியியலாருக்குச் சான்றுகள். பாடம் ஒன்றாக்கப்பட்டபின் அவற்றை எந்தக் கணினியாலும் மீட்க இயலாது.

குற்றம் குறியெண் முறையினுடையதன்று. அம்முறையில் எதுவும் அழிவதில்லை. குறியெண் இடுமுன் வேறுபாடுகளைக் களைவதே குற்றம். மெய்க்கீர்த்தியைச் சொற்களாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்து வடிவத்துக்கும் தனிக் குறியெண் அளிக்கலாம். 2 பைட்டால் 65,536 வடிவங்களைச் சுட்ட முடியும். தேடலுக்குரிய திருத்த வடிவம் பக்கத்துப் பத்தியில் இருக்கட்டும். இதற்காகும் கூடுதல் இடம் மிகச் சிறிது.

ஒரே மதிப்பை இருமுறை சேமிப்பது இடத்தை வீணாக்கும். இருவேறு மதிப்புகளை ஒன்றாகச் சேமிப்பதோ சான்றையே அழிக்கும். தரவகம் அமைப்போர் முன்னதைத் தவிர்க்கும் முனைப்பில் பின்னதைச் செய்துவிடலாகாது.