பெட்டி நம்முடையது, சாவி யாருடையது?

போன மாதம் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. பரீட்சைக்குப் படித்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் இருக்கும் நாஸ் பெட்டியைக் கழற்றிப் போட்டு, அதில் வேறு இயங்குதளம் ஏற்றிக்கொண்டிருந்தேன். "பி.காம் படிக்கிற பிள்ளைக்கு இந்த வேலை எதுக்குடா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இது கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களைவிட காமர்ஸ்காரன்தான் கவலைப்பட வேண்டிய விஷயம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

நாஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட சின்னப் பெட்டி. ரவுட்டரில் ஒரு ஒயரைச் செருகிவிட்டால் வீட்டில் இருக்கும் எல்லா கம்ப்யூட்டரும் போனும் அதில் கோப்புகளைப் போட்டு எடுக்கலாம். பார்க்க ஹார்ட் டிஸ்க் டப்பா மாதிரி இருந்தாலும் உள்ளே பிராசஸர், மெமரி எல்லாம் இருக்கிறது. அதாவது அது ஒரு முழுக் கம்ப்யூட்டர். பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடும்.

எங்கள் பெரியப்பாவுக்கு போடியில் ஏலக்காய் வியாபாரம். மெட்டுக்கு மேலே கொஞ்சம் தோட்டமும் உண்டு. 2007-ல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்த பிறகு, காயைக் கையில் அள்ளிப் பார்த்தாலும் விலை கேட்பது கம்ப்யூட்டரில்தான். கணக்கு, பில், ஜிஎஸ்டி எல்லாமே அப்படித்தான். கடையில் ஒரு காப்பி, வீட்டில் ஒரு காப்பி இருக்கட்டும் என்று 2019-ல் இந்தப் பெட்டியை வாங்கினார். கம்பெனி பெயர் வேண்டாம். ஐந்தே வருடத்தில் "இந்த மாடலுக்கு இனி அப்டேட் கிடையாது" என்று ஒரு வரி அறிவிப்பு. அவ்வளவுதான்.

பெரியப்பாவிடம் சொன்னேன். "ஏண்டா, பெட்டி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, பிறகென்ன?" என்றார்.

பிறகென்ன என்பதற்கு இரண்டு கதைகள்.

முதல் கதை, வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ். 2010-ல் வந்து நன்றாக விற்ற பெட்டி. 2015-க்குப் பிறகு அதற்கு அப்டேட் வரவில்லை. 2018-லேயே ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது, அடைப்பார் இல்லை. 2021 ஜூனில் ஒரு நாள் உலகம் முழுக்கப் பலர் காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி காலி. எங்கிருந்தோ ஒருவர் இணையம் வழியாக 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்துவிட்டார்! பல வருடப் புகைப்படங்கள், கணக்குகள் எல்லாம் போச்சு. பெட்டியை இணையத்திலிருந்து கழற்றி வையுங்கள் என்று கம்பெனி அவசரமாகச் சொன்னது. பிறகு டேட்டா மீட்க உதவி, புதுப் பெட்டிக்குச் சலுகை என்றெல்லாம் அறிவித்தது. வெள்ளம் வடிந்த பிறகு கட்டிய கரை.

இரண்டாவது கதை, டி-லிங்க். 2024 ஏப்ரலில் டிஎன்எஸ்-320எல், டிஎன்எஸ்-325 போன்ற பழைய நாஸ் மாடல்களில் ஒரு ஓட்டை வெளியானது. பாஸ்வேர்டே இல்லாத ஒரு கணக்கு உள்ளேயே இருந்திருக்கிறது. 92,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் இணையத்தில் அப்படித் திறந்து கிடப்பதாகக் கண்டுபிடித்தவர் சொன்னார். கம்பெனியின் பதில்: இவை ஆயுள் முடிந்த மாடல்கள், சரி செய்ய மாட்டோம், மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆயுள் முடிந்தது! யார் சொன்னது? மோட்டார் ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது, லைட் எரிகிறது. ஆயுளை நிர்ணயிக்கும் அதிகாரம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? இங்கேதான் காமர்ஸ் வருகிறது :-)

தேய்மானப் பாடத்தில் நாங்கள் படிக்கும் கம்பெனிகள் சட்டம் 2013, இரண்டாம் அட்டவணை: மேஜைக் கம்ப்யூட்டர், லேப்டாப்புக்கு 3 வருட ஆயுள், சர்வர், நெட்வொர்க் சாதனங்களுக்கு 6 வருடம். வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். 15,000 ரூபாய் பெட்டி என்று வையுங்கள். முதல் வருட முடிவில் 9,000. பிறகு 5,400, 3,240, 1,944. ஐந்தாம் வருட முடிவில் 1,166. எத்தனை வருடம் போனாலும் பூஜ்யம் ஆகாது, கவனித்தீர்களா? கணக்குப் புத்தகத்தில்கூட உயிரோடு இருக்கும் பொருளைச் செத்துவிட்டது என்று கடைக்காரர் சொல்கிறார்.

இன்னொரு கணக்கு. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஒரு நிதியாண்டின் கணக்குகளை, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் போட்ட ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிதியாண்டின் ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி 2023 டிசம்பர் 31. அதிலிருந்து 72 மாதம் என்றால் 2029 டிசம்பர் 31. ஆக ஒரு பில்லைக் கிட்டத்தட்ட ஏழே முக்கால் வருடம் காப்பாற்ற வேண்டும். அதைக் காப்பாற்றும் பெட்டியைக் காப்பாற்றக் கம்பெனிக்கு ஐந்து வருடத்துக்கு மேல் பொறுமை இல்லை. சட்டம் வியாபாரியிடம் கேட்கும் பொறுப்பில் பாதியாவது விற்றவனிடம் கேட்க வேண்டாமா?

சரி, வழி என்ன? மூன்று உண்டு. ஒன்று, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது. இரண்டு, இணையத்தை வெட்டிவிட்டு வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்வது. மூன்று, உள்ளே இருக்கும் இயங்குதளத்தையே மாற்றுவது.

மூன்றாவது வழிக்குப் பெரிய பாரம்பரியம் இருக்கிறது. 2003-ல் லிங்க்சிஸ் ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதைச் சிலர் கண்டுபிடித்து, ஜிபிஎல் உரிமப்படி மூலநிரலைக் கொடு என்று கேட்டார்கள். கொடுத்தார்கள். அதிலிருந்துதான் ஓபன்டபிள்யுஆர்டி 2004-ல் முளைத்தது. அதே 2004-ல் லிங்க்சிஸ் என்எஸ்எல்யு2 என்று ஒரு குட்டிப் பெட்டி வந்தது. 32 எம்பி மெமரி, 8 எம்பி ஃப்ளாஷ். யுஎஸ்பி டிஸ்க்கை நெட்வொர்க்கில் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. ஆர்வலர்கள் அதில் முழு டெபியனையே ஏற்றினார்கள். கம்பெனி அதை விற்பதை நிறுத்தி வருடக்கணக்கான பிறகும் பலர் வீட்டில் அது வேலை பார்த்தது. அந்த மை புக் லைவ் பெட்டிக்கும் ஓபன்டபிள்யுஆர்டி ஏற்ற வழி இருக்கிறது. கம்பெனி கைவிட்டதை முகம் தெரியாத ஆட்கள் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் பெட்டிக் கதை இதுதான். முதலில் இரண்டு டிஸ்க்கையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். (இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள்.) பழைய டிஸ்க் ஒன்றைப் போட்டேன். உள்ளே போர்டில் நாலு ஊசி மாதிரிக் கம்பிகள் இருக்கும். அதுதான் சீரியல் கன்சோல். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் கேபிளில் மூன்று ஒயரை மட்டும் மாட்டி, நாலாவது பவர் ஒயரை விட்டுவிட வேண்டும். பெட்டி எழும்போது ஒரு கீயை அழுத்தினால் பூட்லோடர் நின்று "என்ன வேண்டும்?" என்கிறது. ஃப்ளாஷில் இருந்த பழைய சரக்கை முழுதாகக் காப்பி எடுத்துக்கொண்டேன். பிறகு யுஎஸ்பி பென் டிரைவில் டெபியனைப் போட்டு, "முதலில் பென் டிரைவைப் பார், இல்லாவிட்டால் பழையபடி எழு" என்று ஒரே ஒரு வரியை மாற்றினேன். பென் டிரைவைப் பிடுங்கினால் பழைய பெட்டி திரும்பி வந்துவிடும்.

இந்தப் பயம் எதற்கு என்றால், எங்கள் ஊர்க்காரனுக்குப் பாதை மாற்றுவது என்றால் என்னவென்று தெரியும். மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயிலை அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியோடு நிறுத்தினார்கள். போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டு வருடம்! மாற்றுவது நல்லதுதான். ஆனால் மாற்றி முடிகிறவரை பழைய ரயிலும் ஓடினால் இன்னும் நல்லது. பாதியில் கரண்ட் போனால் நாஸ் பெட்டியும் செங்கல் ஆகிவிடும்.

அடுத்த நாள் டிஸ்க்குகளை மாட்டினேன். எழுத முடியாதபடி, படிக்க மட்டும் என்று திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது சாதாரண லினக்ஸ் ரெய்டும் எக்ஸ்ட்4-உம்தான். எல்லாக் கோப்பும் அப்படியே இருந்தது. ஆயா சாவதற்கு முந்தின பொங்கலில் தோட்டத்தில் எடுத்த வீடியோவும் இருந்தது. அதற்கு வேறு எங்கும் காப்பி இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உடனே தனி டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

எல்லாருக்கும் இப்படி அமையாது. மை புக் லைவில் டிஸ்க்கை 64 கேபி பிளாக் அளவில் ஃபார்மட் செய்திருந்தார்கள். கழற்றிச் சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகினால் நேரடியாகத் திறக்காது. சுற்றுவழியில்தான் போக வேண்டும். நம் டிஸ்க், நம் டேட்டா, ஆனால் அவர்கள் பெட்டிக்குள் இருந்தால்தான் எளிதாகத் தெரியும்!

இப்போது எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். மாற்று இயங்குதளம் என்றால் ஆயுசு கெட்டி என்று நினைக்க வேண்டாம். மை புக் லைவில் இருப்பது பவர்பிசி பிராசஸர். டெபியன் 2017-ல் அதைக் கைவிட்டது. பழைய நாஸ் பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஆர்மெல் வகைக்கு, 2025-ல் வந்த டெபியன் 13-ல் இன்ஸ்டாலரே இல்லை. தன்னார்வலர்களும் மனிதர்கள்தானே, எத்தனை நாள் இழுப்பார்கள்? என் பெட்டியிலும் புது ஓஎஸ்ஸில் விசிறி சுற்றவில்லை. டிஸ்க் சூடாகிக்கொண்டே போனது. விசிறியை ஓட்ட ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவதற்குள் இரண்டாவது ராத்திரி முடிந்துவிட்டது. பெரியப்பாவை இதைச் செய்யச் சொன்னால் முடியுமா? முடியாது. போடியில் எத்தனை கடையில் என்னை மாதிரி ஒரு வெட்டிப் பயல் இருப்பான்?

அதனால்தான் இதை வெறும் பொழுதுபோக்காகப் பார்க்கக் கூடாது என்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. என்றைக்கு ஒரு கம்பெனி அப்டேட்டை நிறுத்துகிறதோ, அன்றைக்கு அந்த மாடலின் பூட்டைத் திறந்துவிட வேண்டும். மூலநிரல் மட்டும் போதாது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்புப்படி நிரலைக் கொடுத்துவிட்டு, மாற்றிய நிரலைப் பெட்டி ஏற்காதபடி பூட்டிவைக்கும் கம்பெனிகள் உண்டு. 2007-ல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தடுக்கப் பார்த்தது. ஆனால் லினக்ஸ் கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. சமையல் குறிப்பைக் கொடுத்துவிட்டு அடுப்படியைப் பூட்டுகிற கதை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். ஐரோப்பாவில் 2024-ல் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் வந்துவிட்டது. பொதுவாகக் குறைந்தது ஐந்து வருடம் பாதுகாப்பு அப்டேட் தர வேண்டும் என்கிறது. முக்கிய விதிகள் 2027 டிசம்பர் முதல். இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் 'ரைட் டு ரிப்பேர்' தளம் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் ரிப்பேர் என்றால் திருகாணியும் உதிரிபாகமும் மட்டும் இல்லை, மென்பொருளும்தான் என்று யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் சத்தம் போட்டால் காது கேட்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. சினாலஜி 2025-ல் தன் புதிய பிளஸ் மாடல்களில் தான் அங்கீகரித்த டிஸ்க்தான் போட வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே வருடம் அக்டோபரில் தளர்த்திக்கொண்டது.

இன்னொரு வேலையும் இருக்கிறது; அது நம்முடையது. போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலேயே படிக்கிறார்கள். 2001-ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் பலன். நம் பக்கமும் முயற்சி இல்லாமல் இல்லை. உமாசங்கர் ஐஏஎஸ் இருந்தபோது எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸுடன் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த அண்ணன்மார் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியைக் கொடுத்தோம், பழக்கிவிட ஆள் வைக்கவில்லை. பதினேழு கொண்டை ஊசி வளைவு தூரத்தில் ஒரு தலைமுறை வித்தியாசம்.

பெட்டி இப்போது நன்றாக ஓடுகிறது. இணையப் பக்கம் போகாதபடி ரவுட்டரில் தடுத்து வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை தனி டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கடைக்குப் போய்விடுகிறது. (ரெய்டு என்பது பேக்கப் அல்ல, அல்ல, அல்ல!) பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "முன்னாடியும் இப்படித்தானேடா எரிஞ்சுச்சு லைட்டு" என்றார்.

ஆமாம் பெரியப்பா. அதே லைட்டுதான். இப்போது சுவிட்ச் நம் கையில்.